எதைக் குடித்து விழுங்கினார்கள்

தெய்வம்மாவுக்குக் கோபம் வந்தால் கை வேகமாக ஓடும். அன்று காலை பத்து மணிக்குள் அவள் பறித்துப் போட்ட தேயிலைக் கொழுந்து பதினெட்டு கிலோ. பக்கத்து வரிசையில் நின்ற ஜெஸிந்தா, யாரைத் திட்டிக்கொண்டு பறிக்கிறாய் என்று கேட்டாள். ஒரு வாக்கியத்தை என்றாள் தெய்வம்மா.

அந்த வாக்கியம் முந்தின நாள் சாயங்காலம் அவள் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது. அறுபது பக்க அறிக்கை ஒன்றின் நாற்பத்தோராம் பக்கம். "பதிவேடுகளில் காட்டப்பட்டிருந்தாலும் பயனாளிகள் மாத்திரைகளை உட்கொள்ளவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. எனவே தோட்டப் பகுதிகளில் இத்திட்டத்தைத் தொடர்வது பயனற்றது." அறிக்கை இன்னும் வரைவுதான். செப்டம்பர் மாதம் கோத்தகிரியில் ஒரு கூட்டம். அங்கே ஒப்புக்கொண்டுவிட்டால் அதுவே அச்சாகும். மாத்திரை நிற்கும். தொண்ணூற்றேழு பெண்கள் அரசாங்கம் கொடுத்த மருந்தை வாங்கிப் புதரில் வீசிய பொய்க்காரிகள் என்று எழுத்தில் நிற்பார்கள். அவர்கள் விழுங்கினார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியவள் தெய்வம்மா. ஆக, பொய்க்காரிகளில் முதல் பெயர் அவளுடையது.

கீழ் கோத்தகிரிச் சரிவில் இருக்கிறது அந்தத் தோட்டம். நான்கு லயங்கள், ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள். மேலே மூன்று லயங்களில் எழுபத்து நான்கு பெண் தொழிலாளிகள். கீழே, மாதா சிலை வைத்த கல் குகையான கெபிக்குப் பக்கத்தில் இருக்கும் நாலாவது லயம் முழுக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள், அதில் இருபத்து மூன்று பேர். இந்தப் பெண்களின் ரத்தத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் என்று டாக்டர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை இல்லை. ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதை வைத்துக்கொண்டு, முப்பது கிலோ கொழுந்தைத் தலையில் தொங்கவிட்டுச் சரிவில் ஏறுகிறார்கள். மூச்சு வாங்கினால் வயசாகிவிட்டது என்கிறார்கள். வயசு முப்பத்திரண்டு.

இதற்கு அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. நல்ல திட்டம்தான். வேலை நாள் தவறாமல் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. வீட்டுக்குக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள் என்பதால், மலையிலேயே சூப்பர்வைசர் கண் முன்னால் விழுங்க வேண்டும், அவர் பதிவேட்டில் டிக் அடிக்க வேண்டும். ஜனவரியில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்கள். சராசரி ஒன்பது புள்ளி ஒன்று. ஏப்ரல் கடைசியில் மறுபடி பார்த்தார்கள். ஒன்பது புள்ளி ஐந்தை எட்டவில்லை. விழுங்கியிருந்தால் ஏறியிருக்கும், ஏறவில்லை, எனவே விழுங்கவில்லை. சென்னையிலிருந்து மதிப்பீடு செய்ய வந்த நிறுவனத்தின் கணக்கு இவ்வளவுதான். ஏழைக்குக் கொடுத்த மருந்து பலிக்காவிட்டால் மருந்தையோ கொடுத்த முறையையோ யாரும் சந்தேகப்படுவதில்லை. வாங்கிய கையைத்தான் முதலில் சோதனை போடுகிறார்கள்.

தெய்வம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. அவள் அப்பாவும் அம்மாவும் இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்கள். இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது, இவர்கள் இந்தியாவின் பங்குக்கு வந்தார்கள். கப்பலேறி, மண்டபம் முகாமில் மூன்று வாரம் கிடந்து, கையில் ஒரு அட்டையோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். தெய்வம்மா பிறந்தது இங்கேதான். ஆனாலும் ரேஷன் கடை வரிசையில் வாக்குவாதம் முற்றினால் இன்றைக்கும் அவள் 'சிலோன்காரி'. யாரோ எங்கேயோ ஒரு காகிதத்தில் எழுதியதால் கடல் தாண்டிய குடும்பம் அது. அதனால் காகிதத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பது அவளுக்குச் சின்ன விஷயமே இல்லை.

பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். மதிப்பீட்டுக்கு உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது, தோட்டத்துக்கு வரும் சுகாதார செவிலியர் பிரிஸில்லா யோசிக்காமல் இவள் பெயரைத்தான் சொன்னார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, வேலை முடிந்த பிறகு பதினோரு நாள் எல்லா வீட்டு வாசலிலும் நின்று படிவம் நிரப்பினாள். மாத்திரை கிடைத்ததா? கிடைத்தது. விழுங்கினீர்களா? விழுங்கினோம். எத்தனை நாள் விட்டுப்போனது? இத்தனை நாள். முப்பத்தாறு கேள்விகள். தன் பதில்களையும் அவளேதான் எழுதினாள், ஏனென்றால் அவளும் ஒரு பயனாளி. அவளுடைய ரத்தமும் ஏறவில்லை.

அதுதான் அவளைக் குடைந்தது. மற்றவர்களைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். தான் ஒரு நாள்கூட விடாமல் விழுங்கியது தனக்குத் தெரியும். அப்படியானால் அந்த அறிக்கை போட்ட கணக்கு எங்கோ தப்பு. எங்கே என்று காட்டாமல், நாங்கள் பொய் சொல்லவில்லை என்று அழுவதில் பிரயோஜனமில்லை. பொய் சொல்கிறவர்களும் அப்படித்தான் அழுவார்கள்.

அவள் முதலில் செய்த காரியம், சராசரியை நம்ப மறுத்தது. நாலு பானைச் சோற்றை ஒன்றாகக் கொட்டிக் கிளறிவிட்டு உப்பு பார்த்தால் எந்தப் பானையில் உப்பில்லை என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு சிவப்பு அட்டை உண்டு. ரத்தம் பார்க்கும்போதெல்லாம் அதில் அளவு குறித்துக் கொடுப்பார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி வீடு வீடாகப் போய் அட்டைகளை வாங்கி, லயம் வாரியாக ஒரு நோட்டில் எழுதினாள். மேல் லயங்கள் மூன்றும் நின்ற இடத்திலேயே நின்றன. ஒன்பது புள்ளி ஒன்று, ஒன்பது புள்ளி இரண்டு ஆனதோடு சரி. கீழ் லயம் மட்டும் ஒன்பது புள்ளி ஒன்றிலிருந்து பத்து புள்ளி நான்குக்குப் போயிருந்தது. தவறாக எழுதிவிட்டோமோ என்று மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் பத்து புள்ளி நான்கு.

சூப்பர்வைசர் இருளப்பனிடம் நோட்டைக் காட்டினாள். அறிக்கை பதிவேட்டைப் பொய் என்றதில் அவருக்கும் எரிச்சல். அதில் இருப்பது அவர் கையெழுத்து. ஆனால் அவரிடம் விடை தயாராக இருந்தது. கீழ் லயத்தார் மாட்டுக்கறி தின்கிறார்கள், அதுதான் ரத்தம். ஜனவரியிலும் தின்றார்கள்தானே, அப்போது ஏன் எங்கள் அளவு இருந்தது என்று தெய்வம்மா கேட்டாள். போதாக்குறைக்கு, இடையில் ஈஸ்டருக்கு முன் வந்த நாற்பது நாள் தவக்காலம் முழுக்க அவர்கள் கறியையே தொடவில்லை. இருளப்பன், அப்படியென்றால் தனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் என்பதால் தெய்வம்மாவுக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

அடுத்து ஜெஸிந்தா வீடு. ஞாயிறு பூசை முடிந்து வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"சேசுவே பாத்து ஏத்திவுட்ட ரத்தம் புள்ள இது. ஒங்க மாரியாத்தாளுக்குத் தெரியுமா இந்த வேல?"

எங்கள் லயத்திலும் பங்குனியில் பதினைந்து நாள் விரதம் இருந்து தீச்சட்டி எடுத்தார்கள், ஒரு சொட்டுகூட ஏறவில்லையே என்றாள் தெய்வம்மா. "லயம் பாத்துக் குடுக்கறவரா இருந்தா அவரு சாமியில்ல ஜெஸிந்தா, மேனேஜரு."

ஜெஸிந்தா வெங்காயக் கையோடு சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சும்மாவா குடுத்தாரு? நாப்பது நாளு தேத்தண்ணிய வாயில வெக்கல நாங்க. மொத வாரம் தலவலி மண்டையப் பொளந்துச்சு. அதுக்குக் குடுத்த கூலின்னு வெச்சுக்கயேன்."

கீழ் லயத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு பெண்கள் எல்லோரும் கூடி, அந்த வருடம் எதை விடுவது என்று சேர்ந்து முடிவு செய்வார்கள். கறி எப்போதும் உண்டு, அதற்கு மேல் ஒன்று. போன வருடம் சீரியல். அதற்கு முந்தின வருடம் சர்க்கரை. இந்த வருடம், எது நமக்கு ரொம்பக் கஷ்டமோ அதை விடுவோம் என்று யாரோ சொல்ல, தேத்தண்ணி, அதாவது டீ, என்று முடிவானது. நாள் முழுக்கத் தேயிலைக்குள் நிற்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய தவம் கிடையாது.

தெய்வம்மா நோட்டை மூடினாள். தவக்காலம் முழுக்கப் பத்து மணி இடைவேளையில் ஜெஸிந்தா தன் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தது அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. தினமும் பார்த்ததுதான். ஆனால் முப்பத்தாறு கேள்வியில் அதைக் கேட்க ஒரு கேள்வி இல்லை. கேள்வி இல்லாததைக் கண் பார்த்தாலும் புத்தி எழுதிக்கொள்வதில்லை.

"அப்ப பத்து மணிக்கு மாத்தரைய எதக் குடிச்சு முழுங்குனீங்க?"

"கெபிக்குப் பக்கத்துல ஊத்து இருக்குதில்ல, அதுல பாட்டில்ல புடிச்சுட்டு வருவம். பச்சத் தண்ணி. வேற எதக் குடிக்கிறது?"

மேல் லயத்தார் எதைக் குடித்து விழுங்கினார்கள் என்று தெய்வம்மா யாரையும் கேட்கத் தேவையில்லை. மலையில் குடிதண்ணீர் கிடையாது. தோட்டம் கொடுத்தனுப்புவது ஒரு பெரிய கேனில் கொதிக்கக் கொதிக்கச் சாயம் இறங்கிய தேத்தண்ணி. பத்து மணிக்கு எல்லோரும் எடை போடும் கொட்டகைக்கு வந்து கூடுவார்கள். தேத்தண்ணி ஊற்றும்போதே மாத்திரையும் கைக்கு வரும். ஒரு மடக்கில் இரண்டும் உள்ளே போகும். நூறு நாள் அப்படித்தான் அவளும் விழுங்கினாள்.

மறுநாள் பிரிஸில்லாவைப் பிடித்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். சாயத் தேத்தண்ணியில் இருக்கும் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுதான், பல வருடமாகத் தெரிந்த சங்கதிதான். வெறும் தண்ணீரோடு கொடுக்க வேண்டும் என்று திட்டத்தின் உத்தரவிலேயே இருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் கூடும் நேரம் எது என்று கேட்டார்கள், தோட்டம் பத்து மணி என்றது, உத்தரவில் பத்து மணி ஏறியது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் தண்ணீர் இருக்குமா என்று மேலிருந்து கீழ் வரை ஒருவரும் கேட்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் குடிதண்ணீர் தர வேண்டும் என்று சட்டம் எழுதி எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இல்லாத தண்ணீரைக் குடித்து விழுங்கச் சொல்லிவிட்டு, ரத்தம் ஏறவில்லையே என்று புத்தகம் போடுகிறார்கள்.

அறிக்கை எழுதியவர் ரவிக்குமார் என்ற ஆய்வாளர். மரியாதையான ஆள், ஆனால் புள்ளிவிவரத்துக்கு வெளியே கால் வைக்கத் தயங்குகிறவர். தெய்வம்மா போன் செய்து சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, இருபத்து மூன்று பேரை வைத்து முடிவுக்கு வர முடியாது, அவர்கள் வேறு லயம், வேறு சாப்பாடு, வேறு பழக்கம், எது காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். அவர் எதிர்பார்த்தது கோபம். வந்தது வேறு.

"நீங்க கேக்கறது நாயந்தானுங்க சார். அப்பச் சோதிச்சே பாத்துடலாமுங்க. மேல் லயத்துப் பொம்பளைங்களே இருக்கட்டும். அதே ஆளு, அதே மாத்தர, அதே மல. தேத்தண்ணிக்குப் பதிலாத் தண்ணி, அது ஒண்ணத்தான் மாத்தறோம். ஜனவரிலருந்து ஏப்ரல் வரைக்கும் என்ன ஏறுச்சு, இப்ப என்ன ஏறுது? அவங்களுக்கு அவங்களேதான் ஒப்பு."

ஒரு லயத்தைப் பழையபடியே விட்டு வைத்தால் ஒப்பிடுவது இன்னும் உறுதியாக இருக்குமே என்று ரவிக்குமார் தயக்கத்தோடு சொன்னார். தெரிந்தே ஒரு லயத்தைத் தேத்தண்ணியோடு விழுங்கச் சொல்ல என்னால் ஆகாது என்றாள் தெய்வம்மா. பிறகு அவர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. முடிவில் ரத்தம் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த விவகாரமே தெரியக் கூடாது. தெய்வம்மாவுக்கு அந்த நிபந்தனை ரொம்பப் பிடித்தது. அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது அல்லவா.

ரத்தம் பார்க்கும் நாளுக்குப் பத்து வாரம் இருந்தது. பத்து மணித் தேத்தண்ணியை விடச் சொல்கிறாள் என்ற வதந்தி லயத்துக்குள் அவள் போவதற்கு முன்பே போய்விட்டது. வாசுகி என்ற இளம்பெண் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "ஏக்கா, அட்ட மாட்டுனதுலருந்து நீங்களும் ஆபீசருங்க ஆகிட்டீங்களா? மொதல்ல தேத்தண்ணி, அப்பறம் வெத்தலையா?" தேத்தண்ணியைத் தொடுகிற எண்ணமே இல்லை, மாத்திரையைத்தான் நகர்த்தப் போகிறேன் என்று தெய்வம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். வீட்டில் ஆறு மணிக்குச் சாயம் குடிக்கிறோம். ஏழே முக்காலுக்கு, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிடுகிறார்கள். அப்போது வயிற்றில் ரொட்டியும் இருக்கும், எல்லோரும் ஒரே இடத்தில் இருப்போம், அடுத்த தேத்தண்ணிக்கு இரண்டு மணி நேரம் இருக்கும். அங்கே வைத்துத் தண்ணீரோடு விழுங்கினால் தீர்ந்தது.

தண்ணீர் யார் கொண்டு வருவது? கேன் கொண்டு வரத் தனக்கு ஆர்டர் இல்லை என்று இருளப்பன் நெளிந்தார். "தாகத்துக்கு ஆர்டர் வேணுமாங்க?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை தெய்வம்மாவும் ஜெஸிந்தாவும் ஊற்றிலிருந்து இருபது லிட்டர் கேனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். நாலாவது நாள் மேனேஜரின் ஜீப் அவர்களைக் கடந்து போனது. நின்றது, என்ன இது என்று கேட்டது, போய்விட்டது. ஆறாவது நாள் தண்ணீர் டிராக்டரில் வந்தது. யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. ஜெஸிந்தா மட்டும், ரெண்டு பொம்பளைங்க தூக்கறதப் பாக்கச் சகிக்கல, இத்தன வருசம் தண்ணியில்லாம நின்னது சகிச்சுது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று எழுதினால் அது இன்னொரு நாற்பத்தோராம் பக்கம் ஆகிவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து சிலருக்கு வயிற்றெரிச்சல். சிலருக்குக் குமட்டல் எடுத்துப் பயம் வந்துவிட்டது. தேத்தண்ணியில் கட்டுண்டு கிடந்த மருந்து இப்போதுதான் வேலை செய்கிறது என்று பிரிஸில்லா எடுத்துச் சொல்லியும் பதினைந்து பேர் நிறுத்திவிட்டார்கள். தெய்வம்மா அவர்களைத் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. நிறுத்திய தேதியையும் காரணத்தையும் அவரவர் வாயால் சொன்னபடி நோட்டில் எழுதிக்கொண்டாள். வாசுகி நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருந்த தலைசுற்றல் எட்டாவது வாரத்தில் இல்லை என்று அவள் சொன்னபோது, தெய்வம்மா அதை நோட்டில் எழுதவில்லை. தலைசுற்றலை அளக்க நம்மிடம் கருவி இல்லை என்று விட்டுவிட்டாள். ஆனால் அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு இருந்தது.

செப்டம்பர் முதல் வாரம் குன்னூரிலிருந்து இரண்டு பெண்கள் வந்து விரலில் குத்தி ரத்தம் பார்த்துவிட்டு, எதற்கு என்றே தெரியாமல் போனார்கள். தாள்கள் கைக்கு வந்ததும் தெய்வம்மாவும் இருளப்பனும் கொட்டகையில் உட்கார்ந்து கூட்டினார்கள். விடாமல் விழுங்கிய ஐம்பத்தொன்பது பேரின் சராசரி பத்து புள்ளி எட்டு. இருளப்பன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்பாடா என்றார். நிறுத்திய பதினைந்து பேர் அதே ஒன்பது புள்ளி இரண்டில் நின்றார்கள். அவர்களையும் சேர்த்தால் எழுபத்து நாலு பேருக்குப் பத்து புள்ளி ஐந்து.

"அந்தப் பதினஞ்சு பேர எதுக்குங்க அம்மணி சேக்கோணும்? பால்ல ஈ வுழுந்த மாதிரி. பத்து புள்ளி எட்டுன்னு போட்டா எவனாச்சும் பேச முடியுமா?"

"ஈ வுழுந்திருந்தா வுழுந்துதுன்னுதானுங்க எழுதோணும். நம்மளப் பொய்யின்னு சொன்னவங்களுக்கு நாம பொய்யவா குடுத்தனுப்பறது?"

பத்து புள்ளி ஐந்து என்றே எழுதினாள். கீழே, பதினைந்து பேர் ஏன் நிறுத்தினார்கள் என்று பதினைந்து வரி. பெரிய படிப்புப் படித்து, பெரிய மேசையில் உட்கார்ந்து, பிடிக்காத எண்ணை ஓசையில்லாமல் வெளியே தள்ளுகிறவர்கள் இருக்கும் நாட்டில், கொழுந்துக் கறை படிந்த விரல் எழுதிய அந்தப் பக்கத்துக்கு இணையாக ஒரு பக்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கோத்தகிரிக் கூட்டத்தில் இருபது நாற்காலிகள். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண்மணி. தெய்வம்மா ஜெஸிந்தாவிடம் கடன் வாங்கிய நீலப் புடவையில், பின்வரிசையில் பிரிஸில்லாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். ரவிக்குமார் எண்களைத் திரையில் போட்டுக் காட்டினார். மழுப்பவில்லை. தன் முந்தைய முடிவு தவறு, பெண்கள் விழுங்கியது உண்மை, தேநீரோடு விழுங்கியதால்தான் பலிக்கவில்லை, திட்டம் தொடர வேண்டும் என்றார். தலைகள் அசைந்தன. பிறகு நாற்பத்தோராம் பக்கத்தில் பழைய வாக்கியத்தை நீக்கிவிட்டுச் சேர்க்கப்போகும் புதிய வாக்கியத்தை அலுவலர் ஒருவர் வாசித்தார்.

"பயனாளிகளின் அறியாமை காரணமாக மாத்திரைகள் தேநீருடன் உட்கொள்ளப்பட்டன."

தெய்வம்மா எழுந்து நின்றாள். நிற்பாள் என்று பிரிஸில்லாவே எதிர்பார்க்கவில்லை.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா? அந்த அறியாமை யாரோடதுங்க?"

அறையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அதிகாரி அவளைச் சொல்லச் சொன்னார்.

"மலையில குடிக்கத் தண்ணி இல்லீங்க. தேத்தண்ணிதான் இருந்துச்சு. பத்து மணின்னு நேரம் வெச்சது நாங்க இல்ல. முப்பத்தாறு கேள்வி எழுதுனதும் நாங்க இல்ல. அதுல எதோட முழுங்குனீங்கன்னு ஒரு கேள்வி இல்லீங்க. படிவத்த நெரப்புனவ நானு, எனக்கும் கேக்கத் தோணல, அத நான் ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பொம்பளைங்க செஞ்ச தப்பு என்னன்னு சொல்லுங்க. குடுத்ததக் குடுத்த நேரத்துல இருந்ததக் குடிச்சு முழுங்குனாங்க. கேட்டதுக்கு உண்மையச் சொன்னாங்க. மொதல்ல பொய்க்காரின்னு எழுதுனீங்க. இப்ப அறியாதவன்னு எழுதறீங்க. எப்படித் திருப்புனாலும் எழுத்து எங்க தலையிலதான் வந்து வுழுவுதுங்க."

குரல் உயரவில்லை. கை மட்டும் முன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருந்தது. அலுவலர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரவிக்குமார் எழுந்து, கேள்விகளைத் தயாரித்தது நான், அந்தக் கேள்வி விடுபட்டது என் தவறு, அறியாமை என்று எழுதுவதானால் என் பெயரைப் போட்டு எழுதுங்கள் என்றார். சில பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அதிகாரி தன் முன்னால் இருந்த தாளில் அந்த வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்தார். என்ன எழுதலாம் என்று தெய்வம்மாவையே கேட்டார். அவள் சொன்னாள், அவர் எழுதினார், ஒரு இடத்தில் நிறுத்தி ஒரு சொல்லைத் திருத்தச் சம்மதம் கேட்டார். தோட்டத்தின் தரப்பில் வந்திருந்தவர், தண்ணீர் விஷயத்தை இவ்வளவு வெளிப்படையாகப் போட வேண்டுமா என்று இழுத்தார். அது உண்மையா இல்லையா என்று அதிகாரி ஒரே கேள்வி கேட்டார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

திருத்திய பக்கத்தின் நகல் ஒன்றை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு தெய்வம்மா கீழ் கோத்தகிரி பஸ் ஏறினாள். நாலு மணிக்கு இறங்கும்போது நிறுத்தத்தில் ஜெஸிந்தா, வாசுகி, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் கொழுந்து போட்டுவிட்டு வந்த கோலத்திலேயே நின்றிருந்தார்கள். மாத்திரை தொடருமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நம்மளப் பத்தி என்ன எழுதுனாங்க என்றுதான் கேட்டார்கள்.

தெய்வம்மா சாலையோரத்துக் கல்லின் மேல் ஏறி நின்று, பக்கத்தைப் பிரித்து வாசித்தாள்.

"பெண் தொழிலாளர்கள் மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டனர். பணியிடத்தில் குடிநீர் வழங்கப்படாததால் அவற்றைத் தேநீருடன் உட்கொள்ள நேர்ந்தது. குடிநீர் கிடைத்த பத்து வாரங்களில் அவர்களது ரத்த அளவு உயர்ந்தது. இக்குறையைக் கண்டறிந்தவர் அதே தோட்டத்தின் தொழிலாளி தெய்வம்மா."

கடைசி வரியை அதிகாரியே சேர்த்ததாக அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜெஸிந்தா குறுக்கிட்டு, முதல் வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். தெய்வம்மா வாசித்தாள். பின்னால் நின்றவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல் சொல்லாக நிறுத்தி, இன்னும் சத்தமாக வாசித்தாள்.